கால்நடை படித்தால் டாக்டர் மட்டும்தானா?

கால்நடை அறிவியல் படிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் 'கட்-ஆஃப் எவ்வளவு?' என்பதுதான். அது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டோம். தீவனவியல், இனப்பெருக்கவியல், கோழியின அறிவியல், பால் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களை நன்கறிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் கால்நடை மருத்துவம் என்கிறாள். பட்டத்தின் பெயரில் பி.வி.எஸ்சி.க்குப் பின்னால் 'ஏ.ஹெச்.' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன?
*— ஒரு தந்தை, பல்லடம்*

வால் என்று நினைத்துத்தான் பலர் சேர்கிறார்கள். சேர்ந்தபிறகு பார்த்தால் அது உடம்பில் பாதி. 'அனிமல் ஹஸ்பண்டரி', அதாவது கால்நடைப் பராமரிப்பு. தீவனம், இனவிருத்தி, பண்ணை மேலாண்மை, பால், இறைச்சி, முட்டைப் பொருள்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். பல வெளிநாடுகளில் விலங்கு அறிவியல் ஒரு பட்டம், கால்நடை மருத்துவம் வேறொரு பட்டம். இந்தியாவில் இரண்டையும் ஒரே படிப்பில் பிணைத்திருக்கிறார்கள். நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, ஆக ஐந்தரை ஆண்டு.

முதல் ஆண்டில் ஊசியும் மருந்தும் கைக்கு வராது. ஒருபக்கம் ஃபார்மலின் நெடியில் உடற்கூறியல்; மாட்டின் எலும்பை எடுத்து இடதா வலதா என்று சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம் பண்ணை. மாட்டைப் பிடிப்பது, கயிறு போடுவது, பல்லைப் பார்த்து வயது சொல்வது, பால் கறப்பது. 'டாக்டருக்குப் படிக்க வந்தால் சாணி அள்ளச் சொல்கிறார்கள்' என்று வீட்டுக்குப் போன் போடும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஆனால், பால் குறைந்துபோன மாட்டுக்கு மடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்குப் பாதி விடைதான் கிடைக்கும். மீதி விடை தீவனத் தொட்டியில் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. ஆங்கிலப் பெயரின் சுருக்கமான 'தனுவாஸ்' என்றே எல்லோரும் சொல்வார்கள். பல்கலைக்கழகம் 1989இல் உருவானது. அதன் தாய்க் கல்லூரியான சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை என்று இப்போது மொத்தம் ஏழு கல்லூரிகள். இன்றைய நடைமுறைப்படி மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 100, இயற்பியல், வேதியியல் இரண்டுக்கும் சேர்த்து 100 என 200க்குக் கணக்கிடுகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 விழுக்காடு இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் வேண்டும். விண்ணப்பமும் தனி, கலந்தாய்வும் தனி. நீட்டுக்கான பரபரப்பில் தனுவாஸ் விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டு அழுகிறவர்களைப் பார்க்கிறோம். மகளிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

'கிடைக்காவிட்டால்' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போய் ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் அந்த வாரம் கழிந்தால் போதும்.

பி.டெக். பால் தொழில்நுட்பம் படித்தால் பால் பரிசோதிக்கும் வேலைதானா?
*— பிளஸ் டூ மாணவர், திண்டுக்கல்*

பரிசோதனை ஒரு சிறு பகுதி. இது நான்காண்டுப் பொறியியல் படிப்பு. பிளஸ் டூவில் கணிதமும் படித்திருக்க வேண்டும். ஆலைக்குள் வரும் பால், பாக்கெட்டாகவோ தயிராகவோ பவுடராகவோ வெளியே போகும்வரை நடப்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. 72 பாகை செல்சியஸில் 15 விநாடி சூடாக்குவது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. ஆலையில் கேள்வி வேறு: எந்திரம் 71இல் ஒரு நிமிடம் தடுமாறினால் அந்தப் பால் எங்கே போனது? திருப்பிவிடும் வால்வு வேலை செய்ததா? பால் போதுமான அளவு சூடானதா என்று காட்டும் பாஸ்பட்டேஸ் சோதனையில் நொதி செத்ததா?

ஆலையில் அதிகம் சொதப்புவது பாலைவிடக் கழுவும் வேலைதான். முதலில் வெறுந்தண்ணீர், பிறகு சூடான காஸ்டிக் சோடா, மீண்டும் தண்ணீர், பிறகு நைட்ரிக் அமிலம், கடைசியில் தண்ணீர். இந்த வரிசை மாறி அமிலம் முன்னால் போனால் பால் புரதம் தகடுகளில் திரிந்து படிந்துவிடும். அடுத்த நாள் பால் சீக்கிரம் புளிக்கும், பழி பாலைக் கொண்டுவந்த லாரிமேல் விழும். இதைக் கண்டுபிடிக்கிறவருக்குத்தான் ஆலையில் மதிப்பு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், இந்தப் பட்டத்தை வைத்து மாட்டுக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

தீவன ஆலையில் கால்நடை படித்தவர்களை 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மூட்டைத் தீவனத்தைக் கோழிப் பண்ணைக்காரர்களே கலந்துகொள்கிறார்கள். அதில் படித்தவருக்கு என்ன வேலை?
*— கோழிப் பண்ணை மேலாளர், நாமக்கல் மாவட்டம்*

உங்கள் ஊரிலேயே இந்தக் கேள்வியா! சரி, கணக்காகவே பார்த்துவிடுவோம்.

முட்டைக்கோழிக்கு 18 விழுக்காடு புரதம் உள்ள தீவனம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தில் புரதம் 9, சோயாப் புண்ணாக்கில் 45. முதலாண்டு மாணவர் போடும் பியர்சன் சதுரக் கணக்கு இது: 45இலிருந்து 18ஐக் கழித்தால் 27, அது சோளத்தின் பங்கு, 18இலிருந்து 9ஐக் கழித்தால் 9, அது சோயாவின் பங்கு. 27க்கு 9 என்றால் நூறு கிலோவில் சோளம் 75, சோயா 25. புரதம் 6.75 கிலோவும் 11.25 கிலோவும் சேர்ந்து சரியாக 18. விடை சரி, தீவனம் தவறு.

ஏனென்றால், முட்டை ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும். அதற்காக இந்த நூறு கிலோவின்மேல் 9 கிலோ சுண்ணாம்புக் கல்லைக் கொட்டினால் மொத்தம் 109 கிலோ ஆகிறது, புரதம் 16.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. சொந்தமாகக் கலக்கும் பண்ணைகளில் நாம் பார்க்கும் முதல் பிழை இதுதான். 'சோயா குறைக்கவே இல்லை, முட்டை ஏன் சிறுத்தது?' என்று கேட்பார்கள்.

செய்ய வேண்டியது, முதலில் நூறு கிலோவுக்குள் 12 கிலோ இடத்தை ஒதுக்கிவிடுவது. அதில் சுண்ணாம்புக் கல் 9, டைகால்சியம் பாஸ்பேட் 1.5, மீதி ஒன்றரைக் கிலோவில் உப்பு, மீத்தியோனின், வைட்டமின், தாதுக்கலவை, நச்சுப் பிணைப்பான். எஞ்சிய 88 கிலோ 18 கிலோ புரதத்தைத் தர வேண்டும், அதாவது 20.45 விழுக்காடு. இந்த எண்ணை வைத்துச் சதுரம் போட்டால் சோளம் 60 கிலோ, சோயா 28 கிலோ வருகிறது. கூட்டிப் பாருங்கள்: 5.4 உடன் 12.6 சேர்த்தால் 18. கல்லில் 38 விழுக்காடு கால்சியம் என்றால் தீவனத்தில் அதிலிருந்து 3.4, பாஸ்பேட்டிலிருந்து சுமார் 0.35, முட்டையிடும் கோழிக்கு வேண்டிய மூன்றரை முதல் நான்குக்குள் நிற்கிறது. எரிசக்தியும் கிலோவுக்கு 2,600 கிலோ கலோரியை ஒட்டி அமையும்.

இவ்வளவும் காகிதத்தில். இனிதான் வேலை. இந்த வாரம் வந்த சோளத்தில் புரதம் 9 இல்லை, 8.2. ஈரம் 14 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வரும், கோழிக்கு ஈரல் போகும், தடுப்பூசி போட்டும் எதிர்ப்புச் சக்தி நிற்காது. சோயா விலை ஏறிவிட்டது. கடலைப் புண்ணாக்கோ கடுகுப் புண்ணாக்கோ எவ்வளவு சேர்க்கலாம், சேர்த்தால் எந்த அமினோ அமிலம் குறையும்? புரத அளவு சரியாக இருந்தும் லைசின் போதாவிட்டால் பயனில்லை. சோயாவைச் சரியாக வறுக்காவிட்டால் அதிலுள்ள, புரதச் செரிமானத்தைக் கெடுக்கும் டிரிப்சின் தடுப்பான் சாகாது; யூரியேஸ் சோதனை போட்டுப் பார்க்காமல் இறக்கிய ஒரு லோடு போதும், கோழி எச்சம் தண்ணீராகும். கல்லை மாவாக அரைத்துப் போட்டால் அது குடலில் சீக்கிரம் ஓடிவிடும். ஓடு உருவாவது இரவில் என்பதால் குருணையாக ஒரு பங்கு வேண்டும், அரைவைப் பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தின்கிறது. ஒரு லட்சம் கோழி உள்ள பண்ணையில் நாளைக்கு 11 டன். கிலோவுக்குப் பத்துக் காசு மிச்சம் பிடித்தாலும் நாளைக்கு 1,100 ரூபாய், முட்டை குறையாமல் அதைப் பிடிக்கத்தான் அந்த 'நியூட்ரிஷனிஸ்ட்'. அவர் பெரும்பாலும் பி.வி.எஸ்சி.க்குப் பிறகு கால்நடை ஊட்டச்சத்து அறிவியலிலோ கோழியின அறிவியலிலோ எம்.வி.எஸ்சி. என்ற முதுநிலைப் பட்டம் முடித்தவராக இருப்பார்.

எனக்கு யானை, புலி என்றால் உயிர். காட்டு விலங்கு மருத்துவர் ஆக வழி சொல்லுங்கள்.
*— பதினொன்றாம் வகுப்பு மாணவி, பொள்ளாச்சி*

வழி ஒன்றுதான்: முதலில் ஆடு, மாடு, கோழி, நாய். பி.வி.எஸ்சி. முடிக்காமல் காட்டுக்குள் குறுக்கு வழி கிடையாது. அதன்பின் வனவிலங்கு அறிவியலில் எம்.வி.எஸ்சி. படிக்கலாம், வேப்பேரிக் கல்லூரியில் அதற்கென்று துறை இருக்கிறது. வனத்துறையின் கால்நடை மருத்துவர் பணியிடங்கள் குறைவு. அவற்றுக்கும் பெரும்பாலும் கால்நடை பராமரிப்புத் துறையில் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களைத்தான் அனுப்புகிறார்கள்.

டாப்ஸ்லிப் பக்கம் இருக்கும் நீங்கள் யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வேலைகளில் ஒன்று, இறந்த யானைகளைக் காட்டிலேயே அறுத்துப் பார்த்துச் சாவின் காரணத்தைப் பதிவு செய்தது. மயக்க ஊசித் துப்பாக்கி நாளிதழ்ப் படத்தில் வரும். அழுகத் தொடங்கிய உடலருகே மணிக்கணக்கில் நின்று மாதிரி எடுத்து, சீல் வைத்து, அறிக்கை எழுதுவது வராது. இரண்டும் அதே வேலைதான்.

உயிரியல் பூங்காவில் இன்னொரு கோணம் உண்டு. அங்கே மருந்தைவிட உணவுப் பட்டியல் முக்கியம். சிங்கக் குட்டிக்கு எலும்பில்லாத நல்ல கறியாகப் பார்த்துப் பார்த்துப் போட்டால் எலும்பு வளைந்துவிடும். தசைக்கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். குரங்குக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொடுத்தால் பல் சொத்தை, நீரிழிவு. ஆகவே இரண்டாம் ஆண்டில் தீவனவியல் வகுப்பு நடக்கும்போது தூங்காதீர்கள்.

மகனுக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை. செயற்கைக் கருவூட்டல் மட்டும் கற்றுக்கொண்டு தொழில் செய்யலாம் என்கிறார்கள். உண்மையா?
*— ஒரு தாய், பட்டுக்கோட்டை*

உண்மை, ஓர் எல்லைக்குள். ஒன்றிய அரசின் கோகுல் திட்டத்தில் 'மைத்ரி' என்ற பெயரில் கிராமப்புறக் கருவூட்டல் பணியாளர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி தருகிறார்கள். கொஞ்ச நாள் வகுப்பு, மீதி நாள் களம். முடித்தவர் வீடு வீடாகப் போய்ச் சினை ஊசி போடலாம். காய்ச்சலுக்கு ஊசி போடுவதும் கன்று திரும்பிக் கிடந்தால் கைவிட்டு எடுப்பதும் அவர் வேலை அல்ல. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி சிகிச்சை என்பது பதிவுபெற்ற மருத்துவருக்குரியது.

வேலை எளிது போலத் தெரியும். மாடுகளுக்குச் சினை 'நிக்காமல்' போவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னச் சின்ன அவசரங்கள்தான். 'குச்சி' எனப்படும் மெல்லிய குழாய் ஒன்றில் கால் மில்லி உறைவிந்து, ஏறத்தாழ இரண்டு கோடி உயிரணுக்கள், இருப்பது மைனஸ் 196 பாகையில் திரவ நைட்ரஜனுக்குள். குச்சியைத் தேடுகிறேன் என்று குச்சிகள் இருக்கும் கூண்டைக் கலனின் கழுத்துக்குமேல் தூக்கிப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தால், எடுக்கும் குச்சி மட்டுமல்ல, உள்ளே திரும்பப் போகும் குச்சிகளும் கெடும். எட்டு விநாடிக்குள் எடுக்க முடியாவிட்டால் கூண்டை இறக்கி, குளிரவிட்டு, மறுபடி தூக்க வேண்டும். நைட்ரஜன் மட்டத்தை அளவுகோல் விட்டு அளந்து குறித்துவைக்காதவர் என்றாவது ஒருநாள் வெறுங்கலனைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் ஊசி போடுவார். யாருக்கும் தெரியாது, மூன்று வாரம் கழித்து மாடுகள்தான் கத்திச் சொல்லும்.

எடுத்த குச்சியை 37 பாகை வெந்நீரில் 30 விநாடி. சட்டைப் பையில் வைத்து உருக்குவது, கையில் தேய்ப்பது, பம்புசெட் தண்ணீரில் போடுவது எல்லாம் தவறு. பிறகு துடைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் உயிரணு செத்துவிடும். பஞ்சடைப்பு உள்ள முனை ஊசிக்குழாயின் தண்டுப் பக்கம். அடுத்த முனையை நேராக வெட்ட வேண்டும், சாய்த்து வெட்டினால் உறைக்குள் பின்னோக்கி ஒழுகும். கருப்பை வாயின் வளையங்களைக் கடந்ததும் நிறுத்தி மெதுவாக அழுத்த வேண்டும். ஒரு கொம்புக்குள் ஆழமாகக் கொண்டுபோனால் சவ்வு கிழியும்.

நேரம் இன்னொன்று. காலையில் சினைப் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். கண்ணாடிபோல் தொங்கும் வழும்பு, மற்ற மாடு தாவும்போது அசையாமல் நிற்பது இவை உறுதியான அறிகுறிகள். வெறும் கத்தலை நம்பக் கூடாது, பசிக்கும் கத்தும். எருமை பெரும்பாலும் கத்தவே கத்தாது.

கடைசியாக, காளை எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது. 'இதெல்லாம் எதற்கு' என்று விடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டரை ஆண்டு கழித்து, அந்த ஊசியில் பிறந்த கிடாரி பருவத்துக்கு வரும்போது, அப்பன் காளையின் விந்தையே மறுபடி போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. அப்படிப் பிறக்கும் கன்றின் பாலும் குறையும், சினையாகும் திறனும் குறையும். ஈச்சங்கோட்டை, உதகை உறைவிந்து நிலையங்களில் பார்த்துப் பார்த்துக் காளை தேர்ந்தெடுக்கிறவர்களின் உழைப்பு, நிரப்பப்படாத ஒரு கட்டத்தில் வீணாகிவிடும்.

பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டேன். நேராக எம்.வி.எஸ்சி. சேரலாமா?
*— பட்டதாரி, விருதுநகர்*

முடியாது. எம்.வி.எஸ்சி.க்கு பி.வி.எஸ்சி. கட்டாயம். விலங்கியல் வேறு, விலங்கு அறிவியல் வேறு. தமிழில் இரண்டு பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பதால் தனியார் விளம்பரங்கள் அதில் மீன் பிடிக்கின்றன. 'அனிமல் சயின்ஸ் பட்டம், டாக்டராகலாம்' என்று யாராவது சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டம் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அட்டவணையில் இருக்கிறதா? இல்லையென்றால் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் சிகிச்சை இல்லை. வெளிநாட்டுப் பட்டத்துக்கும் இதே கேள்விதான், பணம் கட்டும் முன்பு. உங்களுக்கு உயிரித் தொழில்நுட்பம், உயிர்வேதியியல் வழியாகக் கால்நடை ஆய்வகங்களுக்குள் நுழைய இடமுண்டு.

பி.டெக். கோழியினத் தொழில்நுட்பம் என்று ஒன்று இருக்கிறதாமே? குஞ்சு பொரிப்பகத்தில் வேலை கிடைக்குமா?
*— பிளஸ் டூ மாணவர், தருமபுரி*

உங்களுக்குப் பக்கத்திலேயே, ஓசூர் மத்திகிரியில் நடக்கிறது. தீவன ஆலை, பண்ணைக் கருவிகள், முட்டை, இறைச்சிப் பதப்படுத்தல், பொரிப்பகம் எல்லாவற்றுக்கும் ஆள் எடுக்கிறார்கள்.

பொரிப்பகத்தில் கோழி முட்டைக்கு 21 நாள். முதல் 18 நாள் ஓர் எந்திரத்தில், ஃபாரன்ஹீட்டில் 99.5 பாகையை ஒட்டிய வெப்பம், சுமார் 55 விழுக்காடு ஈரப்பதம், மணிக்கொரு தடவை தட்டுகள் 45 பாகை சாயும். திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாள் பொரிப்பு எந்திரத்துக்கு மாற்றம். அங்கே திருப்புதல் கிடையாது, ஈரப்பதம் கூடுதல்.

மாற்றும்போது முட்டைத் தட்டை எடைபோடுங்கள். அடைவைத்த நாள் எடையில் 12 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும், 60 கிராம் முட்டை என்றால் 7 கிராம். அதற்குக் குறைவாக இழந்திருந்தால் ஈரப்பதம் அதிகம். குஞ்சு வயிறு உப்பி, தொப்புள் மூடாமல் வரும். அதிகமாக இழந்திருந்தால் குஞ்சு சுருங்கி, ஓட்டில் ஒட்டிக்கொண்டு சாகும். ஒரு தராசு செய்யும் வேலையை எந்திரத்தின் டிஜிட்டல் எண் செய்யாது. உணர்கருவி பிசகினால் அது பொய்தான் காட்டும்.

ஆனால் பொரிப்பக மேலாளரின் உண்மையான திறமை தெரிவது பொரியாத முட்டையில். கூமுட்டை என்று ஊரில் ஒரே பெயர்; பொரிப்பகத்தில் அதற்கு நாலைந்து சாதி. உடைத்துப் பார்த்தால் மஞ்சள் கருமேல் சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கிறதா? கருவே கூடவில்லை, தாய்க்கோழிப் பண்ணையில் சேவலைப் பார்க்க வேண்டும். வளையம்போல் விரிந்து நின்றுவிட்டதா, அல்லது முதல் வாரத்திலேயே இரத்த வளையமாகச் செத்ததா? முட்டையை ஏழு நாளுக்குமேல் வைத்திருந்திருப்பார்கள், அல்லது கிடங்கு சூடு, லாரிக் குலுக்கல். இரண்டாம் வாரச் சாவு என்றால் தாய்க்கோழித் தீவனத்தில் வைட்டமின் குறை, அல்லது முட்டையில் கிருமி. முழுதாக வளர்ந்து கொத்தும் நேரத்தில் செத்திருந்தால் உங்கள் எந்திரம்தான். நூறு முட்டையை இப்படி உடைத்து எண்ணிவைத்திருப்பவரிடம் 'பொரிப்பகம் சரியில்லை' என்று யாரும் சும்மா சொல்லிவிட முடியாது.

மின்சாரம் போய் ஜெனரேட்டரும் எடுக்கவில்லையா? 18 நாள் தாண்டிய முட்டை உள்ள எந்திரத்தின் கதவை முதலில் திறங்கள். பெரிய கரு தானே சூடு விடும். மூடிய எந்திரத்தில் வெந்து சாகும். மூன்று நாள் முட்டை உள்ள எந்திரத்தைத் திறக்காதீர்கள், அது குளிர்ந்துவிடும்.

க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்கிறேன். இலங்கையில் விலங்கு விஞ்ஞானம் எங்கே படிக்கலாம்?
*— மாணவி, கிளிநொச்சி*

உங்கள் மாவட்டத்திலேயே, அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானத் துறை இருக்கிறது. மட்டக்களப்பு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்திலும் உண்டு. இங்கெல்லாம் விவசாயப் பட்டத்துக்குள் ஒரு துறையாக இதைப் படிப்பீர்கள். விலங்கு விஞ்ஞானத்தையே பட்டமாகப் படிக்க விரும்பினால் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம். மிருக வைத்தியராக வேண்டுமென்றால் நாட்டில் ஒரே இடம், பேராதனையின் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடம்; பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் (Z) புள்ளியும் அதற்கேற்ப உயர்வாக வேண்டும்.

இந்தியாபோல் அங்கே இரண்டும் ஒரே பட்டமல்ல. விலங்கு விஞ்ஞானப் பட்டதாரி வைத்தியம் செய்ய முடியாது. தீவன உற்பத்தி, கோழிப் பண்ணை, குஞ்சு பொரிப்பு, பால் பதனிடல், தேசிய கால்நடை அபிவிருத்திச் சபைப் பண்ணைகள், பல்கலைக்கழக விரிவுரைப் பணி என்று வழிகள் வேறு. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். உயர்தரத்தைத் தமிழில் படித்த பிள்ளைகள் முதல் அரையாண்டில் திணறுவது பாடத்தால் அல்ல, மொழியால்தான். பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களை அதற்குப் பயன்படுத்துங்கள்.

பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா? மாட்டைப் பிடிக்கப் பலம் வேண்டாமா?
*— ஒரு பாட்டி, உசிலம்பட்டி*

மாட்டின் பலத்துக்கு முன் ஆண் பிள்ளையும் ஒன்றுதான், பாட்டி. 400 கிலோ மாட்டை யாரும் தோள் வலிமையால் படுக்கவைப்பதில்லை. கழுத்தில் ஒரு கட்டு, நெஞ்சைச் சுற்றி ஒரு சுற்று, மடிக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி ஒரு சுற்று போட்டுக் கயிற்றைப் பின்னால் இழுத்தால் மாடு தானே மடங்கிப் படுக்கும். முடிச்சு மட்டும் இழுத்தவுடன் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும்.

பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஒன்று வெறிநாய்க்கடி நோய். மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும் முன்பே மாணவர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்: முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். வாயில் நுரை தள்ளும் மாட்டுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கைவிட்டுப் பார்த்த பிறகு வெறிநோய் என்று தெரிவது இந்தத் தொழிலில் நடக்கக்கூடியது. இரண்டாவது கன்று வீச்சு நோய் (புருசெல்லோசிஸ்). விழாத நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்கிறவருக்கு வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் வரும், மனித மருத்துவர் டைபாய்டு என்று பார்த்துக்கொண்டிருப்பார். தோள்வரை வரும் கையுறை விலை மலிவுதான். பேத்தியிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

அரசு வேலைக்கு என்ன செய்ய வேண்டும்? எம்.வி.எஸ்சி. அவசியமா?
*— இறுதியாண்டு மாணவர், திருநெல்வேலி*

கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு பி.வி.எஸ்சி. போதும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும், தமிழ்த் தகுதித் தாளும் சேர்த்து. மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவை உள்ளிருப்புப் பயிற்சி முடிந்தவுடனே செய்துவிடுங்கள். அறிவிக்கை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழும் பணி இது. அதனால் வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதைவிட எம்.வி.எஸ்சி. இரண்டாண்டைப் படித்துக்கொண்டே காத்திருப்பது மேல். ஆசிரியப் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் அது எப்படியும் வேண்டும். இசத்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், கர்னாலில் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றில் சேர இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய நுழைவுத் தேர்வு. ராணுவத்தில் ரீமவுண்ட் கால்நடைப் படைப் பிரிவும் இருக்கிறது. குதிரை, கோவேறு கழுதை, மோப்ப நாய்.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் அறுவைச் சிகிச்சைக்கும் மருத்துவத்துக்கும் வரிசையில் நிற்பார்கள். தீவனவியலிலும் இனவிருத்தி மரபியலிலும் கூட்டம் குறைவாக இருக்கும். முட்டையும் பாலும் விற்கும் நிறுவனங்கள் வந்து கதவைத் தட்டுவது அந்தக் கூட்டம் குறைந்த பக்கத்தில்தான் என்பது எங்கள் கணிப்பு.

நாங்கள் சுத்த சைவம். மகன் இந்தப் படிப்பில் இறைச்சியைத் தொட வேண்டியிருக்குமா?
*— ஒரு தந்தை, ஸ்ரீரங்கம்*

தொட வேண்டியிருக்கும். கால்நடைப் பொருள்கள் தொழில்நுட்பமும் பொது சுகாதாரமும் கட்டாயப் பாடங்கள். இறைச்சிக் கூடத்துக்குப் போக வேண்டும். அறுக்கும் முன் விலங்கு நடப்பதைப் பார்க்க வேண்டும், அறுத்தபின் நிணநீர்க் கட்டிகளைக் கீறி, நுரையீரலை அழுத்தி, ஈரலின் பித்தநாளத்தை வெட்டித் தட்டைப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காசநோய்க் கட்டி தெரிந்தால் எந்தப் பாகத்தை ஒதுக்குவது, எப்போது முழு உடலையும் ஒதுக்குவது என்று எழுத வேண்டும். தின்னச் சொல்ல மாட்டார்கள்.